குப்பைக்கும் கணக்கெழுதிய குமரப்பா

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றில் ஒன்றில் நின்று, போகிற வருகிற சுமைகளை நாம் சற்று நேரம் பார்த்தால் போதும். ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதுமே கண்முன் நகர்ந்து போவது தெரியும்.

கீழிருந்து மேலே போகிறது ஒரு லாரி. அதில் நிறைந்திருப்பவை சமையல் எரிவாயு உருளைகள். கடல் கடந்து கப்பலில் வந்த எரிபொருள், சமவெளியைக் கடந்து, மலையும் ஏறுகிறது. பாதையை விட்டு உள்ளே காப்பித் தோட்டத்து ஓரமாகப் போனால் இன்னொரு சுமையைக் காணலாம். மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தி சுள்ளிக் கட்டைத் தலையில் வைத்து நடந்து வருகிறாள். உருளை வாங்கக் கையில் காசில்லாத மாதங்களில் அவளுடைய அடுப்புக்கு அந்தச் சுள்ளிதான் துணை. மூன்றாவது சுமையும் உண்டு. கடைவீதியிலும் உணவு விடுதிகளிலும் சேர்ந்த பலாச்சடை, வாழைத்தோல், காய்கறித் தோல், இலையில் மிஞ்சிய சோறு ஆகியவற்றைத் துப்புரவுத் தொழிலாளி அள்ளிக் கொண்டு போகிறார். கொட்டிய இடத்தில் அது நாறுகிறது, புழுக்கிறது. அதைத் தேடிக் காட்டெருமை கூட வருகிறது!

எரிபொருள் மலை ஏறுகிறது. எரிபொருளாகக் கூடியது குப்பைமேட்டில் அழுகுகிறது. நடுவே ஒரு பெண்ணின் கழுத்து ஒடிகிறது. இந்த மூன்றையும் ஒரே ஏட்டில் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாக எழுதிப் பார்க்க ஒரு கணக்கர் வேண்டும். தமிழ்நாடு அப்படிப்பட்ட ஒரு கணக்கரைப் பெற்றது. தஞ்சையில் பிறந்து, சீமையில் கணக்குப் படித்து, குப்பையையும் சாணத்தையும் தேசத்தின் கணக்கில் ஏற்றிய அவர் பெயர் ஜே. சி. குமரப்பா.

இன்றைய இளைஞர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? பாடப் புத்தகத்தில் ஒரு வரி. ஏதோ ஒரு விழாவில் ஒரு படம். அவ்வளவுதான்! ஆகவே அவருடைய வாழ்க்கையை நம் தோழர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்வது கடமை என்று கருதுகிறோம்.

சீமைக் கணக்கர்

1892 ஜனவரி 4 ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை சாலமன் துரைசாமி பொதுப்பணித் துறையில் அலுவலர். தாயார் எஸ்தர் இராஜநாயகம். குறையில்லாத குடும்பம். வறுமை என்றால் என்ன என்று வீட்டுக்குள் தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாத வாழ்வு.

இளமையில் லண்டனுக்குச் சென்று பட்டயக் கணக்கராகப் பயின்றார். அங்கேயே வேலையும் பார்த்தார். 1919 இல் நாடு திரும்பிப் பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். நல்ல வருமானம், சீமைத் துணியில் தைத்த உடை, சீமைப் பழக்கவழக்கம். வெள்ளைக்கார வணிக நிறுவனங்களின் ஏடுகளைப் புரட்டி, ஒரு காசு எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று துருவிப் பார்ப்பதே அன்றாடத் தொழில். அந்தத் தொழில் அவருக்கு ஒரு பழக்கத்தைக் கற்பித்தது. எந்தப் பொருளைக் கண்டாலும், இதில் இலாபம் யாருக்கு, நட்டம் யார் தலையில் என்று கேட்கும் பழக்கம் அது. பின்னாளில் ஒரு பேரரசையே அந்தக் கேள்வியால் துளைக்கப் போகிறார் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

1927 ஐ ஒட்டி அமெரிக்கா சென்றார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகம் படித்தார். பிறகு நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொது நிதி பற்றிப் படித்தார். அங்கே ஒரு மாதாகோவிலில் இந்தியாவின் வறுமைக்குக் காரணம் என்ன என்று பேசினார். அந்தப் பேச்சைப் பற்றிய செய்தி பத்திரிகையில் வந்தது. அவருடைய ஆசிரியர் செலிக்மன் அதைப் படித்தார். இந்தியாவின் வறுமையையும் அரசாங்க நிதியையுமே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி தூண்டினார்.

ஏடுகளைப் புரட்டப் புரட்ட, கண் திறந்தது. வெள்ளை அரசாங்கம் வரியாக வாங்கியது எவ்வளவு, இராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் போனது எவ்வளவு, உழவனுக்குத் திரும்பி வந்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தார். இந்தியா ஏழையாகப் பிறக்கவில்லை. ஏழையாக்கப்பட்டது என்பதை எண்களே அவருக்குச் சொல்லின. மேடையில் உணர்ச்சிப் பேச்சைக் கேட்டு மாறியவர்கள் பலர். கணக்கு ஏட்டைப் படித்து மாறியவர் குமரப்பா!

சாணம் மெழுகிய தரை

ஆராய்ச்சி நூலை அச்சிட விரும்பி, 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே போய்விட்டார். ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில், ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையை அதுவரை கண்டிராத குமரப்பா, கைத்தடியை ஊன்றியபடி நின்று வேடிக்கை பார்த்தார். சிறிது நேரம் கழித்து அந்தக் கிழவரே, வந்தவர் குமரப்பாதானா என்று விசாரித்தார். அப்போதுதான் தம் எதிரில் இருப்பவர் காந்தியார் என்பது அவருக்கு விளங்கியது. அந்தச் சாணத் தரையிலேயே, தம் விலையுயர்ந்த உடையோடு உட்கார்ந்துவிட்டார்.

உடுப்புக்கு அஞ்சாமல் சாணத் தரையில் உட்கார்ந்த அந்த ஒரு கணத்திலேயே அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அடங்கியிருந்தது என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

காந்தியார் அந்த ஆராய்ச்சியைத் தம் இதழில் தொடராக வெளியிட்டார். அதோடு விடவில்லை. குஜராத்தில் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுக்காவுக்குப் போய், கிராமங்களின் உண்மை நிலையைக் கணக்கெடுக்கச் சொன்னார். அந்த ஊர் மொழி தெரியாது. ஆனாலும் குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு 54 கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். மாடு எத்தனை, நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, உண்பது என்ன என்று கேட்டு எழுதினார். லண்டனில் வணிகரின் ஏட்டைத் தணிக்கை செய்த கை, இப்போது உழவனின் வயிற்றைத் தணிக்கை செய்தது.

கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுத் தம் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை மேற்கொண்டார். கதருக்கு மாறினார். உப்புப் போராட்டக் காலத்தில் காந்தியாரின் இதழை நடத்தும் பொறுப்பு அவர் மேல் விழுந்தது; எழுதியதற்காகச் சிறை சென்றார். 1931 இல் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் உள்ள கடன் கணக்கை ஆராய காங்கிரசு அமைத்த குழுவிலும் அவர்தான் முன்நின்று உழைத்தார்.

1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம். நாடெங்குமிருந்து பணம் வந்து குவிந்தது. அந்த நிவாரணப் பணத்துக்குக் காவலராக அமர்த்தப்பட்டவர் குமரப்பா. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று அணாவுக்கு மேல் செலவிடக் கூடாது என்று விதி வகுத்தார். காந்தியாரே பரிவாரத்தோடு வந்தபோதும், அந்தச் செலவை நிவாரணக் கணக்கில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தியார் கோபிக்கவில்லை, மகிழ்ந்தார். பொதுப்பணம் என்றால் என்ன என்று நம் இயக்கத் தோழர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

மகன்வாடிப் பட்டறை

1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. அதன் செயலாளர் குமரப்பா. ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டம், மகன்வாடி என்ற பெயரில் அதன் தலைமையிடமாயிற்று. செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் காகிதம், பனை வெல்லம், சோப்பு என்று சிறு தொழில் ஒவ்வொன்றையும் அங்கே செய்து பார்த்தார்கள், திருத்தினார்கள், கற்றுக் கொடுத்தார்கள்.

அங்கே உருவான இரண்டு பொருள்களை நாம் இங்கே சிறப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று மகன் விளக்கு. சீமெண்ணெய்க்குப் பதிலாக, ஊரிலேயே கிடைக்கும் வித்துகளின் எண்ணெயில் எரியும் விளக்கு அது. மற்றொன்று மகன் அடுப்பு. புகையைக் குழாய் வழியே வெளியேற்றிச் சமைப்பவள் கண்ணையும் நெஞ்சையும் காக்கும் அடுப்பு அது. ஒரு பட்டயக் கணக்கர் எதற்காக விளக்கையும் அடுப்பையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நகரத்து மேதைகள் நகைத்தார்கள். அவர் கவலைப்படவில்லை. ஏழையின் வீட்டிலிருந்து நாள்தோறும் காசு ஒழுகுகிற ஓட்டைகள் எவை? விளக்கும் அடுப்பும்தாமே! ஓட்டையை அடைக்காமல் பானையில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

மகன்வாடியில் இன்னொன்றும் நடந்தது. மனிதக் கழிவையும் மாட்டுச் சாணத்தையும் இலை தழைகளோடு சேர்த்துக் குழியிலிட்டு எருவாக்கினார்கள். தோட்டி வேலை என்று ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலையை, படித்தவர்களே தம் கையால் செய்தார்கள். கழிவு என்பது இயற்கையில் இல்லை. மரம் உதிர்த்த இலை மண்ணுக்கு உணவு, மாடு கழித்த சாணம் பயிருக்கு உணவு. மனிதன் ஒருவன்தான் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் தப்பித்து ஓடுகிற கடனாளி. இதுவே குமரப்பா கண்ட முடிவு.

1942 போராட்டத்தில் கைதாகி ஜபல்பூர்ச் சிறையில் கிடந்தபோது, இந்த எண்ணங்களை ஒரு நூலாக எழுதினார். நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. அதில் அவர் உலகின் செல்வத்தை இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, மண்ணெண்ணெய் போன்றவை தொட்டியில் தேங்கிய நீர். எடுக்க எடுக்கக் குறையும். குறையக் குறைய அதற்காக நாடுகள் மோதிக்கொள்ளும். மற்றொன்று ஆற்றில் ஓடும் நீர் போன்றது. மரம், பயிர், மாடு, மனித உழைப்பு. அளவறிந்து எடுத்தால் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். தொட்டியை நம்பி வாழ்கிற உலகத்தில் போர் ஓயாது. ஓடையை அறிந்து வாழ்கிற உலகத்துக்கே அமைதி உண்டு என்று அவர் கணக்கிட்டார். எண்ணெய்க் கிணறுகளுக்காக அதற்குப் பின் எத்தனை போர்கள்! எங்கோ ஒரு வளைகுடாவில் குண்டு வெடித்தால் இங்கே சமையலறையில் விலை ஏறுகிறதே, அந்த விந்தையை அவர் அப்போதே கண்டார்.

சாண வாயு

இனி, மலைப்பாதையில் நாம் கண்ட மூன்று சுமைகளுக்கு வருவோம்.

சாணத்தை வரட்டி தட்டி எரிப்பது நம் நாட்டுப் பழக்கம். குமரப்பா போன்றவர்கள் அதைக் கண்டு வருந்தினார்கள். மண்ணுக்குப் போக வேண்டிய எரு, அடுப்பில் புகையாகிறதே! ஆனால் விறகு இல்லாத வீட்டுக்காரியிடம் போய், வரட்டியை எரிக்காதே, நிலத்தில் போடு என்றால் அவள் எதை வைத்துச் சமைப்பாள்? எருவா, எரிபொருளா? இரண்டில் ஒன்றுதான் என்பது பழைய கணக்கு.

அந்தக் கணக்கைத் திருத்தியதுதான் சாண எரிவாயு. சாணத்தையும் நீரையும் சரிக்குச் சரி கரைத்து, காற்றுப் புகாத கலனில் அடைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவாக்குகின்றன. அதில் பாதிக்கு மேல் மீதேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. குழாய் வைத்து அடுப்புக்குக் கொண்டுபோனால் நீலச் சுடராகப் புகையின்றி எரிகிறது. சாணத்தின் திடப் பொருளில் ஏறத்தாழ கால் பங்குதான் வாயுவாகிறது. தழைச்சத்து கலங்கலிலேயே தங்கிவிடுகிறது. கலனிலிருந்து வழிந்து வரும் அந்தக் கலங்கல் முதல்தரமான எரு. எரிபொருளும் உண்டு, எருவும் உண்டு! பற்றும் வரவும் சரியாக நேர்ந்த ஏடு!

இது திடீரென்று முளைத்ததல்ல. 1897 இலேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் விடுதி ஒன்றில் கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். 1930 களின் இறுதியில் டில்லி வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். வி. தேசாய் சாணத்தை வைத்து ஆராய்ந்தார். ஜஷ்பாய் பட்டேல் 1950 களில் மிதக்கும் இரும்பு மூடி வைத்த கலனை உருவாக்கினார். 1962 இல் கதர் கிராமத் தொழில் கமிஷன் அதை ஏற்று நாடெங்கும் பரப்பத் தொடங்கியது. அப்போது குமரப்பா மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1981 இல் மத்திய அரசு நாடளாவிய திட்டம் தீட்டியது. 1984 இல் செங்கல்லாலேயே கட்டும் மலிவான தீனபந்து கலன் வந்தது. அவர் விதைத்த எண்ணம், அவர் காணாத மரமாக வளர்ந்தது.

அளவையும் சொல்லிவிடுவோம். ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் போடுகிறது. ஒரு கிலோ சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தரும். ஐந்து மாடுகள் இருந்தால் இரண்டு கன மீட்டர் வாயு. ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்குப் போதும். ஒரு கன மீட்டர் சாண வாயு, ஏறக்குறைய 430 கிராம் உருளை வாயுவுக்குச் சமம். ஆக, அந்தக் கலன் 16, 17 நாளுக்கு ஒருமுறை 14.2 கிலோ உருளை ஒன்றை வீட்டு வாசலில் இறக்கி வைப்பதற்கு ஒப்பாகும். லாரி வேண்டாம், கப்பல் வேண்டாம்!

சாணம் மட்டுமல்ல, காய்கறித் தோலும் மிச்சச் சோறும் வாயு தரும். மாடு ஏற்கெனவே செரித்துக் கழித்ததுதானே சாணம்? செரிக்காத சோற்றில் சத்து அதிகம். ஆகவே எடைக்கு எடை வாயுவும் அதிகம். சமையல் கழிவில் இயங்கும் சிறு கலன்களைக் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் உருவாக்கிப் பரப்பியிருக்கிறது. ஆனால் தோல் கிடைத்ததென்று எடுத்த எடுப்பில் கொட்டிவிடக் கூடாது. முதலில் சாணக் கரைசலை ஊற்றி நுண்ணுயிர்களைப் பெருக்க வேண்டும். பிறகு நறுக்கிய தோலைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அளவு மீறினால் கலன் புளித்துப் போகும், வாயு நின்றுவிடும். குழந்தைக்குச் சோறு பழக்குவது போலத்தான்.

ஏற்காட்டுக்கென்று தனிக் கவனங்களும் உண்டு. இந்த மலை கமலாப்பழத்துக்குப் பெயர் பெற்றது. கமலாத் தோலிலும் எலுமிச்சைத் தோலிலும் உள்ள எண்ணெய் நுண்ணுயிர்களைக் கொல்லும். அவற்றைப் பிரித்து எருக்குழிக்கு அனுப்ப வேண்டும். மேலும், ஏற்காடு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி வெப்பம் உகந்தது. 20 டிகிரிக்குக் கீழே போனால் அவை சோம்புகின்றன. மார்கழிக் குளிரில் வாயு குறையும். ஆகவே கலனை வெயில் படும் இடத்தில் மண்ணுக்குள் புதைத்து, சுற்றிலும் வைக்கோலோ மக்கும் எருவோ போர்த்த வேண்டும். வெந்நீரில் கரைத்து ஊற்றினாலும் நன்று. சமவெளியின் கணக்கை அப்படியே மலைக்கு ஏற்றினால் தோல்விதான்.

1820 ஐ ஒட்டிச் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். இரண்டு நூற்றாண்டாகப் பழம் பறித்து, தோலுரித்து, கொட்டையைக் கீழே அனுப்புகிறோம். பழத்தோலும் கழுவிய நீரும் மலையிலேயே கிடந்து அழுகி, ஓடை நீரைக் கெடுக்கின்றன. அதுவும் கலனில் வாயு தரக்கூடியது என்பது ஆராய்ச்சியில் தெளிந்த செய்தி. கொட்டையின் விலை வெளியே போகிறது. கழிவின் நாற்றம் உள்ளே தங்குகிறது. இந்தப் பற்று வரவைக் குமரப்பா கண்டிருந்தால் சிவப்பு மையால் கோடிட்டிருப்பார்!

யாருக்கு வரவு?

இவ்வளவும் சொன்ன பிறகு, கசப்பான உண்மை ஒன்றையும் நாம் மறைக்கக் கூடாது.

நாடெங்கும் 50 இலட்சம் வீட்டுக் கலன்கள் வரை கட்டப்பட்டன. அவற்றில் பல இன்று துருப்பிடித்துக் கிடக்கின்றன. கட்டியபோது மானியம் கிடைத்தது. மூடி ஓட்டையானபோது பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. நாலைந்து மாடும் சொந்த இடமும் உள்ளவன் வீட்டில்தான் கலன் வந்தது. மாடில்லாத கூலித் தொழிலாளியின் வீட்டில் வரவில்லை. முன்பெல்லாம் தெருவிலும் மேய்ச்சல் நிலத்திலும் கிடந்த சாணத்தை ஏழைப் பெண் பொறுக்கி வரட்டி தட்டினாள்; யாரும் தடுக்கவில்லை. சாணத்துக்கு மதிப்பு வந்ததும் அது உடையவனின் சொத்தாயிற்று. ஏழைக்கு இருந்த இலவச எரிபொருளும் போயிற்று! நல்ல கருவி ஒன்று, சமமில்லாத ஊருக்குள் நுழைந்தால், மேடு மேலும் மேடாகிறது. பள்ளம் மேலும் பள்ளமாகிறது.

இதைக் குமரப்பா அறியாதவர் அல்லர். வெறும் அடுப்பையும் விளக்கையும் செய்துவிட்டு ஓய்ந்தவர் அல்லர் அவர். விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். இடைத்தரகர்கள் ஒழிய வேண்டும், உழுபவனுக்கே நிலம் சேர வேண்டும், நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949 இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. ஆள்பவர்கள் அதைப் படித்தார்கள், பாராட்டினார்கள், அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். 1938 இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலிருந்தும் அவர் விலகியிருந்தார். பெரிய ஆலைகளையும் பெரிய எண்களையும் பேசியவர்களோடு அவருக்கு ஒத்துவரவில்லை. 1951 இல் சீனா சென்று, நிலம் பெற்ற உழவர்களைக் கண்டுவந்து நூல் எழுதினார். தம்முடைய நண்பர்கள் அதை விரும்பவில்லை என்பதற்காக அவர் கண்டதைச் சொல்லாமல் விடவில்லை.

அவருடைய எல்லாக் கருத்துகளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. டிராக்டர் வேண்டாம், சீமை உரம் வேண்டாம் என்று அவர் சொன்னதில் நமக்கு மாறுபாடு இருக்கலாம். பெருகிய மக்களுக்கு உணவு விளைவிக்க எந்திரமும் வேண்டும், ஆலையும் வேண்டும். ஆனால் அவர் கேட்ட கேள்வி பொய்யாகவில்லை. ஒரு கருவி யார் கையில் இருக்கிறது? அதன் பலன் யார் வீட்டுக்குப் போகிறது? அதன் நாற்றத்தை யார் சுமக்கிறார்கள்?

நாற்றத்தைச் சுமப்பவர் பற்றியும் ஒரு வார்த்தை. கலனுக்குள் அடைபட்ட வாயுவில் உயிரைக் குடிக்கும் நஞ்சும் உண்டு. மூடியைத் திறந்து, அடைப்பெடுக்க ஆளை உள்ளே இறக்குவது கொலைக்குச் சமம். கழிவுக் குழிகளில் இறங்கி மாண்ட நம் தோழர்களின் பட்டியல் நீண்டது. அதைத் தடுக்க 2013 இல் சட்டமே வந்தது. ஆகவே எந்தக் கலன் கட்டினாலும், ஆள் இறங்காமல் எந்திரத்தால் தூர்வாரும்படி கட்ட வேண்டும். வாயு வேண்டும் என்பதற்காக ஓர் உயிர்கூடப் போகக் கூடாது.

கல்லுப்பட்டியில் அந்தி

வார்தாவுக்கு அருகே சேல்டோ என்ற சிற்றூரில் பண்ணை ஆசிரமம் அமைத்து, ஓர் ஊருக்கு வேண்டிய உணவையும் உடையையும் அந்த ஊர் நிலமே எப்படித் தரும் என்று பயிரிட்டுப் பார்த்தார் குமரப்பா. இரத்தக் கொதிப்பு அவரை விடவில்லை. உடல் தளர்ந்தபின் தமிழகத்துக்குத் திரும்பி, மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை; சொத்துச் சேர்க்கவில்லை. இலட்சங்களைத் தணிக்கை செய்தவருக்கு இறுதியில் ஒரு சிறு குடிலே போதுமாயிருந்தது. 1960 ஜனவரி 30 ஆம் நாள் சென்னை மருத்துவமனையில் மறைந்தார். காந்தியார் மறைந்த அதே நாள்! 68 ஆண்டு வாழ்வு. ஏட்டில் ஒரு காசு பாக்கியில்லை.

அவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சிலைக்கு மாலை போட்டுவிட்டுக் குப்பைமேட்டை மறந்துவிடுவோம். நாம் கேட்பது வேறு.

ஏற்காட்டில் உணவு விடுதிகள் இருக்கின்றன; நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உண்ணும் விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன; கடைவீதி இருக்கிறது. கோடை விழா வந்தால் கூட்டம் பெருகுகிறது. தோலும் எச்சிலும் பெருகுகின்றன. அந்தக் கழிவை ஓரிடத்தில் சேர்த்து, ஊராட்சியே ஒரு பொதுக் கலன் கட்டட்டும். கழிவைப் பெருக்குகிற பெரிய விடுதிகள் அதற்குக் கட்டணம் செலுத்தட்டும். வருகிற வாயு சத்துணவுக் கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் போகட்டும். மாடில்லாத வீட்டுக்கும் அதில் பங்கு இருக்கட்டும். எரு மலைவாழ் உழவரின் நிலத்துக்குச் சேரட்டும். அதை நடத்தும் துப்புரவுத் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும், நியாயமான ஊதியமும், கையுறையும் காலணியும் கிடைக்கட்டும். பழுது பார்க்க மலையின் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுக்கட்டும். கீழிருந்து ஆள் வரும் என்று காத்திருந்த கலன்கள்தாம் செத்துப் போயின.

இது முடியாத காரியமா? மே நாளன்று தமிழகத்தின் ஊராட்சிகள் எல்லாவற்றிலும் கிராம சபை கூடுகிறது. உழைப்பவரின் திருநாளில் கூடும் அந்தச் சபைக்குத் தோழர்கள் வெறுங்கையோடு போக வேண்டாம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே கோடு போடுங்கள். நம் ஊரில் நாள்தோறும் எத்தனை கிலோ குப்பை சேர்கிறது, அதை அள்ளிக் கொட்ட ஆகும் செலவு எவ்வளவு, எத்தனை வீட்டில் இன்னும் விறகு எரிகிறது, எரிவாயு உருளைக்கு ஊரிலிருந்து வெளியே போகும் பணம் எவ்வளவு என்று விசாரித்து ஒரு பக்கம் எழுதுங்கள். அதே குப்பையும் சாணமும் தரக்கூடிய வாயுவையும் எருவையும் வேலையையும் மறுபக்கம் எழுதுங்கள். அந்தத் தாளைச் சபையில் படியுங்கள், தீர்மானமாக்குங்கள், நிறைவேறும் வரை விடாதீர்கள்.

மாத்தர் தாலுக்காவில் குமரப்பா செய்தது இதுதான். கணக்கு ஏழையின் கைக்கு வந்துவிட்டால், ஏய்ப்பவனுக்கு அதைவிடப் பெரிய அச்சம் வேறில்லை. சுள்ளி சுமக்கும் அந்தப் பெண்ணின் தலையிலிருந்து சுமை இறங்கும் நாள்தான், அந்தத் தஞ்சைக் கணக்கரின் ஏடு முடிக்கப்பெறும் நாள்.